செவிலி கூற்று



'செவிலி' என்பது இன்று நேற்றுப் பிறந்த சொல்லன்று. அகப்பாடல்களைக் கற்றார் அனைவரும் அவளை அறிவர். அவள் தலைவியைப் பெற்றவள் அல்லள், வளர்த்தவள். பாலூட்டி, நீராட்டி, உறங்கச் செய்து, நோயுற்ற நாளில் கண்விழித்துக் காத்தவள். தலைவி தான் விரும்பிய தலைவனோடு உடன்போக்கில் சென்றுவிட்டாள் என்று அறிந்தவுடன், அச்செவிலி சுரம் வழியே தேடிப் புறப்படுகின்றாள், எதிர்ப்படுவாரையெல்லாம் வினவுகின்றாள், ஆற்றாது அழுகின்றாள். அவ்வழுகையை ஏவற்பெண்ணின் அழுகை என்று தமிழ்ப்புலவர் தள்ளிவிடவில்லை. தொல்காப்பியர் அவளுக்கெனக் கூற்று வகுத்தார்; சங்கப் புலவர் அதனைப் பாட்டாக்கினர். பிறர் மகளைத் தன் மகளாய்ப் பேணியவளின் நெஞ்சிலும் துயர் உண்டு. அத்துயர் கேட்கத்தக்கது என்று நிறுவிய மொழி தமிழ்மொழி.

இன்று மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கும் ஆடவர்க்கும் அப்பெயரையே தமிழ்மக்கள் சூட்டியுள்ளனர். பெயர் கொடுத்தாயிற்று. கூற்றுக் கொடுத்தாயிற்றா? இதுவே ஈண்டு எண்ணிப் பார்க்கத்தக்க வினா.

மகுடைத் தொற்று என்று தமிழன்பர் பெயரிட்ட கொரோனா, 2020 மார்ச்சு 7ஆம் நாள் தமிழ்நாட்டில் முதன்முதல் உறுதியாயிற்று. அத்திங்கள் 22ஆம் நாள் மக்கள் தத்தம் வாயிலில் நின்று கைதட்டினர், தட்டு முழக்கினர். 26ஆம் நாள் மருத்துவப் பணியாளர்க்கு 50 இலக்கம் உருபா காப்பீடு அறிவிக்கப்பட்டது. மே 3ஆம் நாள் வானூர்திகள் மருத்துவமனைகளின் மேல் மலர் தூவின.

இஃது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் காண்க. அதே மார்ச்சுத் திங்களில், மருத்துவரையும் செவிலியரையும் வாடகை வீட்டை விட்டு வெளியேறச் சொன்ன செய்திகள் நாட்டின் பல இடங்களிலிருந்தும் வந்தன. ஏப்பிரல் 19ஆம் நாள், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் தாக்கி விரட்டியது. மூன்று நாள் கழித்து, ஏப்பிரல் 22ஆம் நாள், மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு ஏழாண்டு வரை சிறை என்று 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. ஒரு கையால் மலர் தூவி, மறு கையால் கதவடைத்தது இந்நாடு. இவ்விரு கைகளுக்கும் இடையில் அகப்பட்டவர்தாம் செவிலியர். புகழ்ச்சியைக் கேட்டு மகிழ்வதா, இகழ்ச்சியை எண்ணி அழுவதா என்று அவர் உள்ளம் தடுமாறியதில் வியப்பென்ன?

திருப்பூர்ப் பகுதி மக்கட்கு இவ்வுண்மையை விளக்க, அவர்தம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் காட்டலாம். ஊரடங்கில் பனியன் ஏற்றுமதி முடங்கிய பொழுது, திருப்பூர் ஆலைகள் பல முகக்காப்புகளும் மருத்துவப் பணியாளர்க்கான முழுவுடற் காப்புடைகளும் தைக்கத் தொடங்கின. அக்காப்புடை பருத்தியன்று. நூல் பின்னாமல் ஒட்டியெடுத்த செயற்கையிழைத் துணி. அதன்மேல் நெகிழிப் படலம். தையல் ஊசி இட்ட துளை வழியாகவும் நுண்மி புகக் கூடாது என்பதால், தையலின் மேல் சூட்டில் நாடா ஒட்டப்படும். பின்னர்க் கோவையிலுள்ள தென்னிந்திய நெசவு ஆராய்ச்சிக் கழகத்தில், செயற்கைக் குருதியை அழுத்தத்துடன் செலுத்தி, துணி அதனை உள்ளே விடுகின்றதா என்று ஆய்ந்து சான்று வழங்கினர். நல்ல பணி, உயிர் காத்த பணி. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகின்றது. காப்புடை எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அளந்தாயிற்று. அதனுள் இருந்த செவிலியர் எவ்வளவு அழுத்தம் தாங்குவார் என்று அளந்தவர் யார்?

அளந்தவர் சிலர் உளர். நோய் முதலில் பரவிய சீனத்தில், 2020 தொடக்கத்தில், 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 பணியாளரை ஆராய்ந்தனர். அவருள் 764 பேர் செவிலியர். உளத்தளர்ச்சிக்குரிய குறிகள் 50.4 விழுக்காட்டினரிடத்தும், பதற்றம் 44.6 விழுக்காட்டினரிடத்தும், உறக்கமின்மை 34 விழுக்காட்டினரிடத்தும், உளநெருக்கடி 71.5 விழுக்காட்டினரிடத்தும் காணப்பட்டன. அவருள்ளும் செவிலியர், பெண்டிர், ஊகான் நகரினர், நோயாளரை நேர்நின்று பேணியோர் ஆகியோரிடத்தே துன்பம் மிக்கிருந்தது. இருவருள் ஒருவர் தளர்ந்தார் எனின், அதனைத் தனியொருவரின் கோழைமை என்று கூறலாமா? ஓர் ஆலையில் பாதித் தையற்பொறிகள் ஒரே நாளில் பழுதுபட்டால், பொறிகளைக் குறை கூறுவாரா, மின்னழுத்தத்தை ஆராய்வாரா?

செவிலியரின் உள்ளத்துன்பத்தை ஒற்றைப் பெயரிட்டு அழைப்பதால் அதன் மருந்து விளங்காமற் போகின்றது. கூர்ந்து நோக்கின் அது நால்வகைப்படும். அவை அச்சம், அயர்வு, கையறவு, அறப்புண் என்பன.

முதலாவது அச்சம். தன் உயிர்க்கு அஞ்சிய அச்சம் அன்று அது. அவ்வச்சத்தைப் பயிற்சியும் பழக்கமும் அடக்கிவிடும். தன் கையால் தன் பிள்ளைக்கும், முதிய தாய் தந்தையர்க்கும் நோயைக் கொண்டு சேர்ப்போமோ என்னும் அச்சமே பெரிது. ஒரு கிழமை பணி, பின்னர் ஒரு கிழமை தனித்திருப்பு என்று பல இடங்களில் முறை வகுத்தனர். வீடு திரும்பிய தாய், ஓடிவரும் குழந்தையைக் கைநீட்டித் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. பிறர் பிள்ளையைத் தொட்டுப் பேணிய கை, தன் பிள்ளையைத் தொட அஞ்சியது.

இரண்டாவது அயர்வு. அக்காப்புடையை அணிந்தபின் தண்ணீர் அருந்த முடியாது. சிறுநீர் கழிக்க முடியாது. மாதவிலக்கு நாளாயினும் கழற்ற முடியாது. கோடை வெம்மையில் பல மணிப்பொழுது அதனுள்ளே வேர்வையில் நனைந்து நின்றனர். 'ஒன்றரை சிப்டு' என்றால் என்னவென்று திருப்பூருக்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கடைசி அரை முறையில்தான் கண் செருகும், கை தவறும், ஊசி விரலில் ஏறும். தையற்பொறியின் முன் அயர்ந்தவர்க்கு விரலில் புண். செவிலியர் அயர்ந்தால், மருந்தின் அளவு பிழைபட்டால், ஓர் உயிர். இதனை அவர் அறிவார். அறிந்திருப்பதே அவர் அயர்வை இருமடங்காக்கும். செயற்கை உயிர்ப்புக் கருவியிலுள்ள நோயாளர் ஒருவர்க்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது ஏட்டிலுள்ள அளவு. பெருந்தொற்று நாளில் அவ்வளவு ஏட்டிலேயே நின்றது.

மூன்றாவது கையறவு. இறந்தாரை எண்ணி இருந்தார் செயலற்று வருந்துவதைக் கையறுநிலை என்று புறத்துறையாக வகுத்தனர் முன்னோர். பெருந்தொற்றில் இறந்தோர் அருகில் மனைவி இல்லை, மக்கள் இல்லை. செவிலியரே நின்றார். தொலைபேசியை இறப்பார் செவியருகில் பிடித்து, மறுமுனையில் அழும் மகளின் குரலைக் கேட்கச் செய்தவர் செவிலியர். நீர் ஊற்றிய கடைசிக் கை அவர் கை. உடலைத் துணியிற் சுற்றிய பின், அடுத்த நோயாளர் அப்படுக்கைக்கு வந்துவிடுவார். முன்னவர்க்காக அழப் பொழுதில்லை. அழப்படாத சாவு மறைந்து போவதில்லை; நெஞ்சின் அடியில் கிடந்து, நள்ளிரவில் எழுந்து உறக்கத்தைக் கலைக்கும்.

திருப்பூரில் இதற்கு மற்றொரு கூறும் உண்டு. ஒடிசா, பீகார், சார்க்கண்டு முதலிய நாடுகளிலிருந்து வந்து உழைப்போர் ஆயிரமாயிரவர் அங்குளர். அத்தகையோர் ஒருவர் மூச்சுத் திணறிக் கிடக்கையில், தம் தாய்மொழியில் எதையோ கேட்பார். செவிலியர்க்கு அது விளங்காது. கொங்கு நாட்டு முதியவர் 'அம்மிணி' என்றழைத்தால் அவ்வொரு சொல்லிலேயே ஆறுதல் கேட்பதும் கொடுப்பதும் நிகழ்ந்துவிடும். சொல்லே இல்லாதவிடத்துக் கையைப் பற்றிக்கொண்டு நிற்பதன்றி வேறு என் செய்வார்? சாகும் பொழுது ஒருவர்க்குத் தாய்மொழி எத்துணை இன்றியமையாதது என்பதை, மேடையில் முழங்குவோரைக் காட்டிலும் அந்தச் செவிலியர் நன்கறிவார். ஒரியர்க்கு ஒரியமும் தமிழர்க்குத் தமிழும் உயிர்மூச்சுப் போல்வன.

நான்காவது அறப்புண். செய்யத்தக்கது இன்னது என்று நெஞ்சம் அறிந்திருந்தும், அமைப்பின் குறையால் அதனைச் செய்ய முடியாமற் போகும் பொழுது விளையும் புண் இது. செவிலியர் பணியை ஆராய்ந்த ஆண்ட்ரூ சேமிட்டன் என்னும் அமெரிக்க அறிஞர் 1984ஆம் ஆண்டிலேயே இதனைத் தனித்துக் காட்டினார். தமிழ்நாட்டில் அதன் கொடுமை 2021 மேத் திங்களில் விளங்கிற்று. 21ஆம் நாள் ஒருநாட் தொற்று 36,184 என்னும் உச்சத்தை எட்டியது. அத்திங்களின் இறுதியில் கோவையின் நாட்கணக்குச் சென்னையையும் விஞ்சியது. கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய மேற்கு மாவட்டங்களே பெருஞ்சுமை தாங்கின. மே 30ஆம் நாள் முதலமைச்சர் காப்புடை அணிந்து கோவை ஈ.எசு.ஐ. மருத்துவமனையின் தொற்றுப் பிரிவுக்குள் சென்று கண்டார். திருப்பூருக்கு அப்பொழுது மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கவில்லை. அது 2022 சனவரி 12ஆம் நாள்தான் திறக்கப்பெற்றது. 2019இல் அடிக்கல் நாட்டிய ஈ.எசு.ஐ. மருத்துவமனையும் நோய் வந்த நாளில் முடிந்திருக்கவில்லை. பின்னலாடையால் உலகிற்கு உடையளித்த ஊர், தன் மக்கட்குப் போதிய படுக்கையின்றித் தவித்தது.

உயிர்வளிப் படுக்கை ஒன்று. அதற்கு ஏங்கி வாயிலில் நிற்போர் மூவர். இந்நிலையை உண்டாக்கியவர் செவிலியர் அல்லர். ஆனால் வாயிலில் நிற்பார் முகத்தைப் பார்த்து 'இடமில்லை' என்று சொல்ல நேர்ந்தவர் அவரே. பல்லாண்டு மருத்துவமனை கட்டாமல் விட்டவர் குற்றம், ஒரு நொடியில் செவிலியரின் குற்றவுணர்வாக மாறியது. இதுவே அறப்புண்ணின் இயல்பு. பிறர் பிழைக்குத் தன் நெஞ்சைத் தானே ஒறுத்தல்!

அலை ஓய்ந்தபின் என்ன நிகழ்ந்தது? தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டுத் தேர்வெழுதித் தேறிய செவிலியர், திங்களுக்கு 7,700 உருபா தொகுப்பூதியத்தில் பணியேற்றவர். நிலைப்பணி கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினர். ஊதியம் பின்னர்ச் சிறிது உயர்ந்தது, நிலையாமை நீங்கவில்லை. பெருந்தொற்று வந்ததும், 2020இல், மேலும் பல செவிலியர் ஆறு திங்கள் ஒப்பந்தத்தில் அழைக்கப்பெற்றனர். ஒப்பந்தம் நீட்டப்பட்டு நீட்டப்பட்டு வந்தது. 2022 திசம்பர் 31ஆம் நாளுடன் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர்க்குப் பணி முடிந்தது என்று ஆணை வந்தது. புத்தாண்டு நாளில் அவர்கள் தெருவில் நின்றனர். மாவட்ட அளவில் மாற்றுப்பணி தருவதாக அரசு பின்னர்க் கூறிற்று. அதுவும் ஒப்பந்தப் பணியே. நோய் நாளில் 'ஈகச் செம்மல்' என்று பெயர். நோய் நீங்கிய நாளில் 'ஒப்பந்தம் முடிந்தவர்' என்று பெயர். நாளைக்கு வேலை உண்டோ என்று அறியாதவர், நேற்றுப் பட்ட துயரை ஆற்றிக்கொள்வது யாங்ஙனம்?

கோவைப் பகுதி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக்கு நோயால் பாழ்பட்டது. அதன் நினைவாகப் பிளேக்கு மாரியம்மன் கோயில்கள் இன்றும் அங்குள்ளன. 2021 மேத் திங்களில், கோவைக்கும் திருப்பூருக்கும் இடைப்பட்ட இருகூரில், கொரோனாவுக்கும் சிலை செய்து வழிபட்டனர். அஞ்சியோர் ஆறுதல் தேடிய வழி அது. அதனை எள்ளி நகையாட வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு முரண் உறுத்துகின்றது. நோய்க்கு உருவம் கிடைத்தது. நோயோடு நின்று போராடிய செவிலியர்க்கு ஒரு நாற்காலியும், அதில் அமர்ந்து அழ ஒரு மணிப்பொழுதும் கிடைக்கவில்லை. 'தெய்வ மகள்' என்று புகழ்வதிலும் ஒரு கேடு உண்டு. தெய்வத்திற்குப் பசியில்லை, உறக்கமில்லை, ஊதியம் வேண்டா. மாந்தரைத் தெய்வமாக்குதல், மாந்தர்க்குரியதை மறுப்பதற்கு எளிய வழியாகும்.

இனி, மருந்து யாது? நோய்க்கூறு நான்கென்றால் மருந்தும் நான்கே.

அச்சத்திற்கு மருந்து காப்பு. தரமான காப்புடை, முன்கூட்டிய பயிற்சி, தனித்திருக்கத் தக்க உறைவிடம், தாய் பணியிலிருக்கையில் பிள்ளையைப் பேணும் ஏற்பாடு ஆகியவை அதனுள் அடங்கும். இஃது ஏட்டுச்சுரைக்காய் அன்று. 2003இல் கனடாவின் தொரன்றோ நகரில் சார்சு என்னும் தொற்றுப் பரவியது. அந்நகர மருத்துவமனைப் பணியாளரை 13 முதல் 26 திங்கள் கழித்து ஆராய்ந்தபொழுதும் உள்ளச்சோர்வு நீங்காமலே இருந்தது. ஆனால், தமக்குப் போதிய பயிற்சியும் துணையும் கிடைத்தன என்று உணர்ந்தவரிடத்துத் துன்பம் குறைந்திருந்தது. மனப்புண் ஊழன்று, தடுக்கத்தக்கது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அயர்வுக்கு மருந்து ஓய்வு. ஓய்வுக்கு வேண்டுவது ஆட்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல், உலகில் 2 கோடியே 79 இலக்கம் செவிலியர் உளர். இன்னும் 59 இலக்கம் பேர் வேண்டும் என்று கணக்கிட்டது. செவிலியம் கற்றுவிட்டு வேலையின்றி இருப்பார் தமிழ்நாட்டில் உளராக, பணியிலிருப்போரை இருமடங்கு உழைக்கச் செய்தல் எம்முறை? போதிய எண்ணிக்கையில் நிலையான பணியிடம் அமைத்தலே முதல் உளமருத்துவம்.

கையறவுக்கு மருந்து சொல். ஒவ்வொரு பணிமுறையின் இறுதியிலும் கால்மணிப் பொழுது செவிலியர் கூடியமர்ந்து, அன்று பட்டதைத் தம்முள் பேச இடமும் பொழுதும் வேண்டும். கேட்பார் தீர்ப்புச் சொல்பவராக இருக்கலாகாது. அங்குக் கூறியது பணிப்பதிவேட்டில் ஏறலாகாது. 'உளத்துன்பம் உற்றேன்' என்று கூறியவரைப் பித்தர் என்று முத்திரை குத்தும் கொடுமை ஒழிய வேண்டும். உளவியல் அறிஞர் கையாளும் வினாத்தாள்கள் ஆங்கிலத்தில் பிறந்தவை. அவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொடுத்தால் நெஞ்சம் திறவாது. அயர்வு, சலிப்பு, உளைச்சல், ஆற்றாமை, கையறவு, நெஞ்சழிவு என்று துயரின் படிகளை வேறுவேறாகக் காட்டும் சொற்கள் தமிழில் நிரம்ப உள. அச்சொற்களால் கேட்டால்தான், தமிழ்ச்செவிலியர் தம் துயரைத் தாமே அடையாளம் காண்பார். தமிழைக் காத்தல் என்பது ஏட்டைக் காத்தல் மட்டுமன்று. அழுவார்க்கு அழும் மொழியைக் காத்துத் தருதலுமாம்.

உறக்கமின்மையும் உயிர்வெறுப்பும் கிழமைக் கணக்கில் நீடிக்குமாயின், பேச்சு மட்டும் போதாது. உளமருத்துவரை அணுகுதல் வேண்டும். 2022 அத்தோபர் முதல் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகின்றது, தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு மருந்துண்பதில் நாணம் இல்லையாயின், உள்ளக் காய்ச்சலுக்கு நாணம் எதற்கு?

அறப்புண்ணுக்கு மருந்து முறை. எப்படுக்கை எவர்க்கு என்னும் முடிவைச் செவிலியர் தலையில் சுமத்தாமல், மருத்துவக் குழு வெளிப்படையாக முடிவு செய்ய வேண்டும். 'ஆளில்லை, கருவியில்லை' என்று செவிலியர் எழுத்தில் கூறினால் அதற்கு விடை எழுத்தில் வரவேண்டும். இடமாற்ற ஆணை வரலாகாது. படுக்கையும் உயிர்வளியும் நோய் வருமுன் அமைய வேண்டும்.

இங்ஙனம் செய்வது செவிலியர்க்குக் காட்டும் இரக்கமன்று. மருத்துவத்தின் இலக்கணமே அதுதான். வள்ளுவப் பெருந்தகை மருந்து பற்றிய பகுதியின் இறுதிக் குறளில், 950ஆவதில், மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அதனை உடனிருந்து இயற்றுபவர் என்பன அவை. உடனிருப்பவரை மருத்துவரின் நிழலாக அவர் வைக்கவில்லை, தனிக்கூறாகவே வைத்தார். நாற்காலியின் ஒரு கால் முறிந்தால் மற்றை மூன்றும் தாங்குமோ? செவிலியரின் உள்ளம் முறிந்தால் மருத்துவமும் முறியும்.

திருப்பூர்த் தோழர்களே! பனியன் ஆலையில் உழைத்து மகளைச் செவிலியம் படிக்க வைத்த தாய் தந்தையர் இவ்வவையிலும் இருத்தல் கூடும். அம்மகள் இரவுப்பணி முடிந்து வீடு வந்ததும் அடுப்படியைக் காட்டாதீர், உறங்க விடுங்கள். எழுந்தபின் 'என்னம்மா நடந்தது?' என்று கேளுங்கள். 'அதெல்லாம் நினைக்காதே' என்று வாயடைக்காதீர். சொல்லி முடிக்கும்வரை செவி கொடுங்கள். தொழிற்சங்கத்தார், பனியன் தொழிலாளர்க்குக் கூலி கேட்கும் அதே வாயால் ஒப்பந்தச் செவிலியர்க்கு நிலைப்பணியும் கேட்டல் வேண்டும். மே 12ஆம் நாள், நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாளில், பூங்கொத்துக் கொடுப்போர், அதனுடன் இக்கோரிக்கையையும் சேர்த்து ஆட்சியாளர் கையில் கொடுக்க.

கொள்ளைநோய் மீண்டும் வாராது என்று உறுதி கூறுவார் எவருமிலர். அது வரும் நாளில் மீண்டும் அக்காப்புடைக்குள் புகுவதற்குச் செவிலியர் வேண்டும். சென்ற முறை பட்ட புண் ஆறாதவரை மறுபடியும் அழைக்க இந்நாட்டுக்கு உரிமையில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே செவிலிக்குக் கூற்று வகுத்த இனம், இன்று அவர் கூற்றைச் செவிமடுக்க. கேட்டபின், கேட்டதைச் செய்க.

வாழ்க செவிலியர்! வெல்க தமிழ்!